எழுத்தாளர் கடைசியில் வரட்டும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊராட்சியின் பிளானிங் ஆபீஸில் சேர்ந்த கையோடு, ஃபெடரல் அரசின், அதாவது அமெரிக்க மத்திய அரசின், சாலைப் பாதுகாப்பு மானியத்தை உன் தலையில் கட்டிவிட்டார்களாமே. ஒன்று மேயர் உன்னை முழுதாக நம்புகிறார், இல்லை வேறு ஆள் சிக்கவில்லை. "நல்லா எழுதுற ஆளைப் பிடி" என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். எழுத்தாளர் கடைசியில் வரட்டும். இந்த மானியம் எழுத்தில் கிடைப்பதில்லை, வரைபடத்தில் கிடைக்கிறது.

நீ கேட்கும் மானியம் 'சேஃப் ஸ்ட்ரீட்ஸ் அண்ட் ரோட்ஸ் ஃபார் ஆல்', 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தில் வந்த திட்டம். 2022 முதல் 2026 வரை ஐந்து நிதியாண்டுகளுக்கு 500 கோடி டாலர். பணம் மாநிலத்தின் வழியாகச் சுற்றி வராது. ஊரும் கவுன்டியும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வாஷிங்டனிடம் நேரே கேட்கலாம். ஆக்‌ஷன் பிளான் (சாலைப் பாதுகாப்புச் செயல்திட்டம்) போடவும் பெயின்ட், வளையும் கம்பம் வைத்துத் தற்காலிகமாகச் சோதித்துப் பார்க்கவும் ஒரு வகை மானியம். கட்டி முடிக்க இன்னொரு வகை. பிளான் இல்லாமல் இரண்டாவதற்குப் போக முடியாது. விபத்துத் தரவின் ஆய்வும், எந்த இடத்தில் என்ன செய்வது என்ற பட்டியலும் பிளானில் இருக்க வேண்டும். அது ஐந்து வருடத்துக்குள் முடித்ததாகவோ புதுப்பித்ததாகவோ இருக்க வேண்டும். விதிகள் வருடா வருடம் மாறும். அந்த ஆண்டின் அறிவிப்பை மட்டும் நம்பு. புதிதாக எதையும் எழுதும் முன் கவுன்டியோ வட்டாரத் திட்டக் குழுவோ பிளான் முடித்திருக்கிறதா என்று விசாரி. உங்கள் ஊரும் அதில் அடங்கினால் பாதி வேலை முடிந்தது.

இனி வரைபடம். பென்டாட்டின், அதாவது மாநிலப் போக்குவரத்துத் துறையின், விபத்துத் தகவல் கருவியில் ஐந்து வருடத் தரவை இறக்கி, மரணத்தையும் கடும் காயத்தையும் மட்டும் பிரித்து எடு. இரண்டு இடத்தில் சறுக்கும். காயமோ மரணமோ இல்லாமல், வண்டியை இழுத்துப்போகும் அளவுக்குச் சேதமும் இல்லாத மோதல் மாநிலக் கணக்கில் ஏறாது. அதற்கு உள்ளூர் போலீஸைத்தான் கேட்க வேண்டும். அடுத்தது, நடுத்தெருவில் அடிபட்டவரைப் பக்கத்துச் சந்திப்பின் பெயரில் எழுதிவிடுவார்கள். போலீஸ் அறிக்கையின் விவரிப்பைப் படிக்காமல் வரைபடத்தில் புள்ளி வைத்தால், போட வேண்டிய விளக்கு சந்திப்புக்குப் போகும். ஆட்கள் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கடந்துகொண்டே இருப்பார்கள்.

சின்ன ஊரில் ஐந்து வருடத்தில் மரணம் இரண்டு மூன்றுதான் இருக்கும். அந்த எண்ணிக்கையை வைத்துப் பெருநகரத்தோடு மல்லுக்கட்ட முடியாது. 2024 அறிவிப்பில் கட்டுமான மானியத்தின் கீழ்வரம்பே 25 லட்சம் டாலர். பக்கத்து ஊர்களையும் கவுன்டியையும் சேர்த்துக்கொண்டு கூட்டாக விண்ணப்பிப்பதுதான் புத்திசாலித்தனம்.

நோய்க்கேற்ற மருந்தா என்றுதான் விண்ணப்பத்தின் மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பார். ஃபெடரல் நெடுஞ்சாலை நிர்வாகம் விபத்தைக் குறைப்பதாக நிரூபிக்கப்பட்ட தன் வழிகளுக்கு எண்ணும் கொடுத்திருக்கிறது: நாலு வழித்தடச் சாலையை மூன்றாக்கினால் மொத்த விபத்து 19 முதல் 47 சதவீதம் குறையும், பச்சை விழுவதற்கு 3 முதல் 7 நொடி முன்னால் நடப்பவரை விட்டால், நடப்பவர் மோதல் 13 சதவீதம், நடப்பவர் பாதியில் நின்று கடக்கச் சாலை நடுவே திட்டு போட்டால் 56 சதவீதம். இரண்டைச் சேர்த்துப் போடும்போது சதவீதங்களைக் கூட்டிவிடாதே. 30-உம் 20-உம் சேர்ந்தால் 50 அல்ல, 0.7-ஐ 0.8-ஆல் பெருக்கினால் 0.56, அதாவது 44 சதவீதக் குறைவு. அகலமான, 40 மைல் வேகச் சாலைக்கு மின்னும் மஞ்சள் விளக்கை எழுதிக்கொடுத்தாலும் விஷயம் தெரிந்தவர் புருவத்தை உயர்த்துவார். அங்கே வண்டியைச் சிவப்பில் நிறுத்தும் கலப்பு சிக்னல்தான் வேண்டும்.

உங்கள் ஊரின் மோசமான தெரு பெரும்பாலும் மாநிலத்தின் சாலையாகவே இருக்கும். அதில் தொங்கும் சிக்னலோ ஊராட்சியின் சொத்து, ஆனால் அனுமதி பென்டாட்டினுடையது. வேடிக்கையான ஏற்பாடு. அவர்களின் ஒப்புதல் கடிதத்தைக் கடைசி வாரத்தில் கேட்டால் வராது.

பணக் கணக்கில் பலர் வழுக்குவது ஒரே இடம். ஊரின் பங்கு 20 சதவீதம் என்பது மொத்தச் செலவில். ஃபெடரல் பங்கு 4 லட்சம் டாலர் என்றால் உங்கள் பங்கு 80 ஆயிரம் அல்ல, ஒரு லட்சம். ஊழியர் நேரத்தையும் பங்காகக் காட்டலாம். மானிய ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு செய்த வேலையாக, நேரக் குறிப்போடு இருக்க வேண்டும். அதோடு, இது செலவழித்துவிட்டுத் திரும்ப வாங்கும் பணம். ஒப்பந்தக்காரரின் முதல் பில்லை ஊர்க் கஜானா தாங்குமா என்று பொருளாளரை இப்போதே கேள். மானியம் கேட்பவர் பதிய வேண்டிய ஃபெடரல் அரசின் சாம் தளத்துப் பதிவு வருடத்துக்கு ஒரு முறை காலாவதியாகும்; பதிவில் உள்ள பெயர் வரி ஆவணத்தோடு ஒரு எழுத்து ஒத்துப்போகாவிட்டாலும் வாரக்கணக்கில் இழுக்கும். இன்றைக்கே திறந்து பார்.

ஊர் வக்கீல் "ஆபத்தான தெருவென்று நாமே எழுதிக் கொடுத்தால் நாளைக்கு வழக்கு வருமே" என்பார். ஃபெடரல் பாதுகாப்புத் திட்டத்துக்காகத் திரட்டிய விபத்துத் தரவை இழப்பீட்டு வழக்கில் சாட்சியமாக்கத் தடை இருக்கிறது. பியர்ஸ் கவுன்டி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003-இல் அதை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பை அவர் மேஜையில் வை. எது அடங்கும், எது அடங்காது என்று அவரே பிரித்துச் சொல்லட்டும்.

போலீஸ் அறிக்கைகள் கைக்கு வந்ததும் பெயர், விலாசத்தை அடித்துவிட்டு எனக்கு அனுப்பு. புள்ளிகளைச் சேர்ந்தே சரிபார்க்கலாம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி