அம்மிணிக்கு, பார்ட் ஃபோர் விஷயமாக

அம்மிணி,

நேற்று ராத்திரி போனில் நீ பொருமியதை அம்மாவும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கெமிஸ்ட்ரியில் பிஎச்.டி. முடித்துவிட்டுப் போனவளுக்கு, ஜூனியர் என்பதால் பார்ட் ஃபோர் என்கிற துணைப் பாடப் பகுதியில் வரும் சுற்றுச்சூழல் பேப்பரைத் தள்ளிவிட்டார்கள், போதாததற்கு படித்து முடித்தால் பிள்ளைகளுக்கு என்ன வரும் என்று ஐந்து கோர்ஸ் அவுட்கம் எழுதி, ஒவ்வொன்றும் எந்தச் சிந்தனைப் படி என்று கே1 கே2 போட்டு, டிகிரியின் நோக்கத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்று 3, 2, 1 கட்டம் நிரப்பி வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டுமாம். கல்லூரிக்குத் தரம் போட நாக் குழு வருகிறது என்றாலே எல்லாருக்கும் இந்தக் காய்ச்சல் வந்துவிடும். கல்லூரி ஆபீஸிலேயே தலை நரைத்தவனுக்குத் தெரியாதா?

பார்ட் ஃபோர் மார்க் கிளாஸுக்குச் சேராது, அதனால் படிக்கிறவர்களும் மதிப்பதில்லை, நடத்துகிறவர்களும் மதிப்பதில்லை. ஆனால் அதில் அரியர் இருந்தால் டிகிரி வராது. அப்படி என் கவுண்டருக்கு வந்த ஒருத்தனை மறக்கவே முடியவில்லை. வேலை கிடைத்துவிட்டது, இந்த ஒரு பேப்பர்தான் பாக்கி. ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பா என்று வெள்ளைத்தாளை நீட்டினேன். 'ரெஸ்பெக்டட் சார்' என்று எழுதிவிட்டு அப்படியே நின்றான். தமிழில் எழுதட்டுமா என்றான், சரி என்றேன், அதிலும் 'ஐயா'வுக்கு மேல் பேனா நகரவில்லை. கடைசியில் நான் சொல்லச் சொல்ல எழுதினான். பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ இங்கிலீஷ் இரண்டிலும் பாஸ் ஆனவன்தான். தெளிவாக எழுதும் திறன் பெறுவர் என்று அவன் சிலபஸிலும் அச்சடித்திருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், 'விழிப்புணர்வு பெறுவர்' என்று எழுதிக் கொடுத்துவிடாதே. விழிப்புணர்வுக்கு எப்படிம்மா மார்க் போடுவாய்?

அந்தப் பேப்பர் சும்மா வந்ததில்லை. வக்கீல் எம்.சி. மேத்தா போட்ட வழக்கில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியும், பத்து வருஷத்துக்கு மேல் இழுத்துத்தான் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) பாடத்திட்டம் கல்லூரிகளுக்கு வந்தது. அதில் எட்டாவது யூனிட் முழுக்கக் களப்பணியாக இருந்தது, 100-க்கு 25 மார்க் அதற்கே. அதைத்தான் நம் பிள்ளைகள் போன வருஷ ரெக்கார்டைப் பார்த்து எழுதி, அட்டையில் ஒரு மரத்தை வரைந்து கொடுத்துவிடுகிறார்கள்.

நீ இருப்பது திருப்பூர், கண்ணு. உன் பிள்ளைகளில் பாதிப்பேர் சாயங்காலம் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் என்று நீதானே சொன்னாய். அங்கே நொய்யலில் விட்ட சாயத்தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, திறந்துவிட்டபோது நம் பக்கம் வந்தது. பாசனத்துக்கென்று 1992-ல் கட்டிய அணை! நம் கிணறு உப்பாகி தாத்தா மோட்டாரைக் கழற்றி விற்றபோது நீ கைக்குழந்தை. 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டதும் ஊரே சந்தோஷப்பட்டது, அடுத்த மாசமே உன் பெரியப்பா மகன் வேலை போய்ப் பையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தான். அவனிடம் யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

கிணறு கெட்டது, வேலை போனது, இந்த இரண்டையும் வைத்து, தண்ணீரை அளந்து பார்த்து, ஒரு பக்கம் சொந்தமாக எழுதுவார்கள் என்று ஒரு அவுட்கம் போடு. கே நம்பர் எதுவாவது போட்டுக்கொள்.

ஒரு சனிக்கிழமை எல்லாரையும் இங்கே கூட்டிக்கொண்டு வா. உன் லேபிலிருந்து, தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் எடுத்து வந்தால் நம் கிணற்றுத் தண்ணீரையும் பார்த்துவிடலாம், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை. எத்தனை பேர் என்று வியாழக்கிழமையே சொல்லிவிடு, நாற்பதைத் தாண்டினால் சமையலுக்கு ஆள் வைக்க வேண்டும் என்கிறாள் அம்மா.

அப்பா