மட்டக்களப்பு வானில் சிறிய விமானங்கள்: சுற்றுப்பாதை ஒழுங்கு முதலில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு விமான நிலையம் 2018 இல் உள்நாட்டு சிவில் விமான நிலையமாகத் திறக்கப்பட்டது முதல், உல்லாசப் பயணிகளின் சிறிய விமானங்களும் பயிற்சி விமானங்களும் இங்கே கூடுதலாக வரவேண்டும் என்ற விருப்பம் நம்மவரிடையே இருந்து வருகிறது. எனக்கும் அந்த விருப்பம் உண்டு. ஆனால், ஒரே ஓடுபாதையை நோக்கி இரண்டு சிறிய விமானங்கள் ஒரே வேளையில் வந்தால் ஒன்றையொன்று எவ்வாறு விலகிச் செல்லும், இறங்குமுன் ஓடுபாதையைச் சுற்றிவரும் வழியான சுற்றுப்பாதையில் எந்த ஒழுங்கில் வரும் என்பதைப் பற்றி யாரும் பேசக் காணேன்.

சிறிய விமானங்கள் வானில் மோதிக்கொள்வது பெரும்பாலும் இருளிலோ முகிலிலோ அன்று. தெளிவான பகல் வேளையில், விமானத் தளத்துக்கு அருகில், அதிலும் தரையிறங்க நேராகத் தாழும் கடைசிக் கட்டத்தில்தான். விமானிகள் கண்ணால் கண்டு விலகிக்கொள்வார்கள் என்று நம்பியிருக்க முடியாது. மோதும் போக்கில் நெருங்கும் விமானம் முகப்புக் கண்ணாடியில் இடம்பெயராமல், ஒட்டியிருக்கும் அழுக்குப் புள்ளியைப் போல ஒரே இடத்தில் நின்று, கடைசிச் சில விநாடிகளில் திடீரெனப் பெருக்கிறது. அசைவைத் தேடும் கண்ணுக்கு அது தப்பிவிடுகிறது. கண்டபின்னும், ஆபத்தை உணர்ந்து விமானத்தைத் திருப்பி முடிக்கப் பன்னிரண்டு விநாடிகளுக்கு மேல் ஆகும் என்பது அமெரிக்க விமானிகளுக்குச் சொல்லப்படும் கணக்கு. இறக்கை உடலுக்கு மேலே அமைந்த செஸ்னா வகைச் சிறிய விமானத்துக்கு மேற்புறம் மறைவு. இறக்கை கீழே அமைந்த பைப்பர் வகை விமானத்துக்குக் கீழ்ப்புறம் மறைவு. முன்னதன் தலைக்கு மேலாகப் பின்னது தாழ்ந்து வந்தால் இருவருக்கும் மற்றவர் தெரிவதில்லை.

2022 ஓகஸ்ட் 18 அன்று கலிபோர்னியாவின் வொட்சன்வில்லில், கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத தளமொன்றில் நடந்ததை இங்கே குறிப்பிட வேண்டும். சுற்றுப்பாதையில் ஒழுங்காக வந்துகொண்டிருந்த செஸ்னா 152 ஐ, அதைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட வேகத்தில் தூரத்திலிருந்து நேராக இறங்க வந்த இரட்டை எஞ்சின் விமானம் மோதியது, மூவர் இறந்தனர். இரு விமானிகளும் வானொலியில் பேசியிருந்தார்கள். பின்னால் வருவது மிக வேகமாக நெருங்குவதைக் கண்ட செஸ்னா விமானி, தாம் இறங்காமல் மேலெழுவதாக அறிவித்தும் பயனில்லாமற் போயிற்று.

இத்தகைய வேக வேறுபாடு நமக்கும் வரக்கூடியது. உள்நாட்டுச் சேவையில் பறக்கும் கரவன் என்னும் சிறிய பயணிகள் விமானம் மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர் செல்லும். பயிற்சி விமானமோ இறங்கும்போது அதில் பாதி வேகத்தைக்கூட எட்டாது. ஆகவே கூடுதல் பயிற்சிப் பறப்புகளுக்கு அனுமதி வழங்குமுன், சுற்றுப்பாதையின் உயரமும் திரும்பும் திசையும் வெளியூர் விமானிகளுக்கும் முன்கூட்டியே தெரியும்படி நிர்ணயிக்கப்பட வேண்டும். சுற்றுப்பாதையில் ஒரு விமானம் இருக்கையில், வேகமாக வருபவர் நேராக உட்புகாமல் அதன் பின்னால் வரிசையில் சேர வேண்டும். தாழ்வாகப் பறப்பவருக்கே முன்னுரிமை என்ற சர்வதேச விதி இருப்பது உண்மைதான். ஆனால் இறங்கும் கடைசிக் கட்டத்திலுள்ள இன்னொருவரின் முன்னே குறுக்கிட அதைப் பயன்படுத்தலாகாது என்பதும் அதே விதியில் உள்ளது.

தமது இருப்பிடத்தைத் தாமே ஒலிபரப்பும் கருவியை இங்கு வரும் ஒவ்வொரு சிறிய விமானத்துக்கும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை கட்டாயமாக்க வேண்டும். அம்பாறையை அடுத்த உகனையிலுள்ள விமானப்படைத் தளத்தின் பறப்புகளையும் சேர்த்தே இவ்வொழுங்கை வகுக்க வேண்டும். இத்தகைய விமானங்கள் இங்கு கூடுதலாக வரத் தொடங்குவதற்கு முன்பே இவை எழுத்தில் இருக்க வேண்டும் என்று உரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மட்டக்களப்பு.