கொல்லைச் சருகு

மன்னார்குடி
மாசி 20

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. கடைசியில் பாபநாசம் வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டாய், சந்தோஷம். மூன்று மா (ஏறக்குறைய ஓர் ஏக்கர்) கொல்லை, வருஷக்கணக்காக ஆள் நுழையாத மரங்கள், கணுக்கால் புதையச் சருகு. "ஆள் விட்டு மொத்தத்தையும் கூட்டிக் கொளுத்திவிடட்டுமா" என்று கேட்டிருக்கிறாய். மொத்தத்தையும் கூட்டாதே. கூட்டுவதைக் கொளுத்தாதே. காரணம் சொல்லாவிட்டால் நீ கேட்கமாட்டாய் என்பதால் கடிதம் கொஞ்சம் நீளும்.

முதலில் காலக் கணக்கு. குளிர்நாட்டு மரங்கள் நமக்கு ஐப்பசி, கார்த்திகை நடக்கும்போது இலை கொட்டும். நம் பக்கத்தில் அப்போது அடைமழை. இங்கே மழை ஓய்ந்து, பனியும் குறைந்து, மண் காய ஆரம்பித்த பிறகுதான் உதிரும். மூங்கில் தையிலேயே தொடங்கிவிடும். தேக்கும் வேம்பும் மாசியில் மும்முரமாகக் கொட்டும். புங்கனும் இலுப்பையும் பங்குனி வரை இழுத்து, உதிர்த்த கையோடு துளிர்த்தும் விடும். வாதுமை வருஷத்துக்கு இரண்டு தரம் சிவந்து கொட்டும். மா, பலா, பூவரசு மூன்றும் தினம் ஒரு கை போடுமே தவிர, மொத்தமாக மொட்டையாவதில்லை. அதனால் இப்போது ஆள் விட்டுக் கூட்டினால் பதினைந்து நாளில் பழையபடி ஆகிவிடும். நடைபாதையை மட்டும் வாரம் ஒருமுறை கூட்டு. பெரிய வாரல் ஒரே ஒரு தடவை, பங்குனிக் கடைசியில், புங்கன் முழுக்கக் கொட்டிய பிறகு போதும்.

எவ்வளவு ஆழம் வாருவது என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. இலுப்பையடியில் ஓரிடத்தில் சருகைக் குச்சியால் மெதுவாக விலக்கிப் பார் (கையால் வேண்டாம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்). மேலே இருப்பது இந்த வருஷத்து இலை. மொறமொறவென்று, தொட்டால் நொறுங்கும். இரண்டு விரல்கடை கீழே போனால் இலைகள் தட்டையாகி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். நடுவில் வெள்ளை நூல்போலப் பூஞ்சண இழை ஓடும். அதற்கும் கீழே இலையே இல்லை, நரம்பு மட்டும் மிஞ்சிய கறுப்புப் பொடி. மரவட்டை சுருண்டு கிடக்கும், முதல் மழை வாசனை அடிக்கும். வாரவேண்டியது மேல் அடுக்கை மட்டும்தான். கறுப்புப் பொடியில் வாரியின் பல் பட்டால் நிறுத்திவிடு. மாவின் உறிஞ்சு வேர்கள் அந்த ஈரத்தை நம்பித்தான் மேலே ஏறிவந்திருக்கின்றன. அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் சித்திரை வெயிலில் அந்த வேர் காயும், பிஞ்சு கொட்டும். பிறகு மருந்துக்கடைக்காரர் ஏதாவது ஒரு பாட்டிலை உன் தலையில் கட்டுவார்.

சுத்தமாக எடுத்தே ஆகவேண்டிய இடங்களும் உண்டு. வீட்டைச் சுற்றி இருபதடி, வைக்கோல் போரைச் சுற்றியும் அவ்வளவே. ஓட்டுக்கூரையில் இரண்டு சரிவு சேரும் பள்ளம்: அங்கே சருகு அடைத்தால் மழைத்தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறி உத்தரத்தை ஊறவைக்கும். முற்றத்து ஜலதாரையில் குச்சி விட்டுப் பார்த்துவிடு. கிணற்றுக்கு வலை போடு. தென்னம்பாளை, குரும்பட்டி, கொட்டாங்கச்சி எல்லாவற்றையும் பொறுக்கிக் கவிழ்க்க வேண்டும். ஒரு பாளையில் தேங்கும் மழைத்தண்ணீர் போதும், டெங்குக் கொசு முட்டையிட. மாவடியில் காய்க்காலம் முழுக்கச் சருகை மெல்லிசாக வைத்துக்கொள், இல்லாவிட்டால் பழ ஈ குத்தி விழுந்த காய் கண்ணில் படாது. அந்தப் புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழு ஆகும். விழுந்த காயை அன்றன்றே எடுத்தால்தான் அடுத்த தலைமுறை குறையும்.

எல்லாரும் மறப்பது வாய்க்கால். இப்போது வாய்க்கால் வறண்டு கிடப்பதால் அதுதான் சருகு தள்ளச் சௌகரியமான பள்ளம் என்று ஆட்களுக்குத் தோன்றும். வழக்கப்படி ஜூன் 12 மேட்டூர் அணை திறந்து, மூன்று நாலு நாளில் கல்லணைக்கு வந்து, குடமுருட்டி ஆற்றில் தண்ணீர் இறங்கும்போது அந்தச் சருகெல்லாம் மிதந்து வந்து முதல் மதகில் பந்தாக அடைக்கும். உன் வயலுக்கும் பாயாது, கீழ்மடைக்காரரோடு சண்டையும் வரும். வடிகாலில் அடைத்தால் இன்னும் மோசம், அது தெரியவருவது ஐப்பசியில் நாற்று மூழ்கும்போதுதான்.

சாமான் அதிகம் வேண்டாம். ஹார்டுவேர் கடையில் 'ரேக்' என்று கேட்டால் இரண்டு விதம் எடுத்துப் போடுவார்கள். குட்டையான கெட்டி இரும்புப் பல் வைத்தது பாத்தி கட்ட, அது வேண்டாம். விசிறிபோல் விரிந்து, வளைந்து கொடுக்கும் கம்பிப் பல் வைத்ததை வாங்கு. கழி உன் மார்பு உயரத்துக்கு இருக்கட்டும், குட்டையாக இருந்தால் இடுப்பு போய்விடும். சிமெண்டுத் தரைக்குத் தேய்ந்த ஈர்க்கு விளக்குமாறே நல்லது. மண் தரையில் புது விளக்குமாறு போட்டால் சருகோடு கால்வாசி மண்ணும் வரும். பன்னிரண்டுக்கு ஒன்பது அடித் தார்ப்பாய் இரண்டு, பழைய முறம் இரண்டு, ரப்பர் பூட்ஸ். முதுகில் மாட்டும் பெட்ரோல் ஊதியை உன் மருமகன் சிபாரிசு செய்ததாக எழுதியிருக்கிறாய். அது சிமெண்டு வாசலுக்குச் சரி. மரத்தடியில் ஓட்டினால் சருகுக்கு முன்னால் மேல்மண் பறக்கும், இரைச்சல் வேறு.

வாரும் நேரம் காலை ஏழிலிருந்து பத்து. லேசான பனி ஈரத்தில் சருகு நொறுங்காது, பறக்காது, தூசியும் மூக்கில் ஏறாது. மழை பெய்து நன்றாக நனைந்திருந்தால் ஒரு நாள் காயவிடு. ஈரச் சருகு கனம் இரண்டு பங்கு. வேலை நீண்டு மத்தியானத்தைத் தாண்டினால் கடல் பக்கத்துக் காற்று ஏறிவிடும், அதனால் கிழக்கே தொடங்கி மேற்கே இழுத்துக்கொண்டு போ. காற்றும் கூடமாட உதவும். ஒரே அம்பாரமாகக் குவிக்காதே. பத்தடிக்கு ஒரு வரிசையாக ஒதுக்கி, பக்கத்தில் தார்ப்பாயை விரித்து, அதன்மேல் தள்ளி, நாலு மூலையையும் பிடித்து இரண்டு பேராக இழுப்பதுதான் சுலபம். கூடையில் அள்ளிச் சுமந்தால் நாள் முழுக்க நடைதான். ஒரு மா நிலத்துக்கு இரண்டு ஆள் அரை நாள் கணக்கு வைத்துக்கொள். சாக்கில் கட்டுவதானால் ஒரு நெல் சாக்கில் மிதித்து அடைத்தாலும் எட்டுப் பத்துக் கிலோவுக்கு மேல் பிடிக்காது.

இப்போது பாம்பு. கண்ணாடி விரியன் சருகு நிறம், முதுகில் சங்கிலிபோல் கோர்த்த வட்டங்கள். அசையாமல் கிடக்கும், ஒதுங்கிப் போகாது. பக்கத்தில் போனால் குக்கரில் ஆவி பிரிகிற மாதிரி சீறும். அந்தச் சத்தம் கேட்டால் நின்ற இடத்திலிருந்து பின்னால் அடி எடுத்து வை. வாரத் தொடங்குமுன் நீளக் கழியால் தட்டிக் கலைத்து ஒரு நிமிஷம் காத்திரு. குவியலைக் கட்டிப் பிடித்து அள்ளவே கூடாது. இரண்டு கையிலும் முறத்தைப் பிடித்து நடுவில் நெருக்கி எடு. ஒதுக்கிய வரிசையை ராத்திரி விட்டுவைக்காதே, மறுநாள் காலை அதற்குள் குடித்தனம் வந்திருக்கும். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, வேரை அரைத்துக் கொடுப்பது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் 108ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போய்விடவேண்டும்.

கொளுத்துவது பற்றி. குப்பையைத் திறந்தவெளியில் எரிக்கக் கூடாது என்று 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டு, 5,000 ரூபாய் அபராதமும் விதித்திருக்கிறது. அதை விடு, ஊரில் யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்பாய். தடித்த சருகுப் படுகையில் தீ மேலே அணைந்தாலும் அடியில் கனன்றுகொண்டே நகரும். சாயங்காலம் வைத்த தீ நடுராத்திரி வைக்கோல் போரில் வந்து எழும்பும். மரத்தடியில் வைத்தால் பட்டை வெந்து, அந்தப் பக்கத்துக் கிளை மறுவருஷம் காயும். தழைச்சத்து (நைட்ரஜன்) முழுக்கப் புகையாகப் போய், மிஞ்சுவது ஒரு கூடைச் சாம்பல்.

வாரியதை மக்க வைப்பதில்தான் நிறையப் பேர் தோற்கிறார்கள். வெறும் சருகைக் குவித்துவிட்டு, வருஷம் ஆகியும் சருகாகவே இருக்கிறது என்று குறைப்படுவார்கள். காய்ந்த இலையில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஐம்பது அறுபது பங்கு கரி (கார்பன்) இருக்கிறது. நுண்ணுயிருக்குத் தோதான விகிதம் ஒன்றுக்கு முப்பது. அதனால் 100 கிலோ சருகுக்கு 100 கிலோ பச்சைச் சாணம், 100 கிலோ புங்கன் அல்லது கிளைரிசிடியா தழை சேர்த்தால் கணக்கு ஏறக்குறைய நேராகும். மாடு இல்லாத வீடென்றால் ஒன்றரைக் கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கலாம், பாவமில்லை. தண்ணீர் 100 கிலோ சருகுக்கு 100 முதல் 125 லிட்டர். மா இலையும் பலா இலையும் மெழுகு பூசினதுபோல் இருப்பதால் மேலே ஊற்றினால் வழிந்தோடிவிடும், முதல் நாளே நனைத்துப் போட்டுவை.

குவியல் நாலடி அகலம், ஐந்தடி நீளம், நாலடி உயரம். மூன்றடிக்குக் குறைந்தால் சூடே பிடிக்காது. ஒரு சாண் சருகு, நாலு விரல் தழை, மேலே சாணிக் கரைசல், ஒரு கூடை பழைய மக்கு மண். இப்படியே அடுக்கிக்கொண்டு போ. நாலாம் நாள் நடுவில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி ஐந்து நிமிஷம் கழித்து உருவித் தொட்டுப் பார். பிடிக்க முடியாமல் சுட்டால் வேலை நடக்கிறது. இருபது நாளுக்கு ஒருமுறை ஓரத்தை நடுவுக்கும் நடுவை ஓரத்துக்கும் புரட்டு. வேம்பு, புங்கன், இலுப்பை நாலைந்து மாதத்தில் ஆகிவிடும். தேக்கும் மாவும் முழு இலையாகப் போட்டால் வருஷம் பிடிக்கும். மாட்டுக்குத் தட்டை வெட்டும் மெஷினில் விட்டு நறுக்கிப் போட்டால் அந்தக் காலத்தில் பாதி மிச்சம். மா இலை மட்டும் போட்டால் அப்பளம் அடுக்கினதுபோல் ஒட்டிக்கொண்டு காற்றே புகாது, மூங்கில் சருகோ வேப்பிலையோ கலந்துகொள்.

புரட்டும்போது சாம்பல் பூத்த மாதிரி வெள்ளைத் திட்டு தெரிந்தால் தண்ணீர் போதவில்லை. மூக்கை எரிக்கும் நெடி வந்தால் சாணமோ யூரியாவோ அதிகம். அழுகிய முட்டை நாற்றம் என்றால் நீர் தேங்கிவிட்டது, பிரித்து உலர்ந்த சருகு சேர். ஒரு கை அள்ளிப் பிழிந்தால் இரண்டு சொட்டு வரவேண்டும், ஒழுகக் கூடாது. குழி வெட்டச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். உன் கொல்லையில் வயல் பக்கம் களிமண், ஐப்பசியில் குழி குட்டையாகிவிடும். ஆற்றுப் பக்கத்துப் படுகை மேட்டிலேயே தரைக்கு மேலே குவி. மழைக்கு முன் கீற்று வேய்ந்து மூடு. மூங்கில் குத்துக்கும் தென்னைக்கும் பக்கத்தில் வைக்காதே, நாலு மாதத்தில் வேர் உள்ளே புகுந்து எருவை அதுவே சாப்பிட்டுவிடும்.

தென்னை இருக்கும் கொல்லையில் இன்னொரு தொல்லை, குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டு. எருக்குவியலும் மக்கிய தென்னந்தண்டும்தான் அது முட்டையிடும் இடம். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் சாய்த்த மரங்களை அப்புறப்படுத்தச் சொல்லி அத்தனை வற்புறுத்தியதும் அதனால்தான். புரட்டும்போது கட்டைவிரல் தடிமனில் வெள்ளையாக, பழுப்புத் தலையோடு வளைந்து கிடக்கும் புழுவைப் பார்த்தால் பொறுக்கிக் கோழிக்குப் போடு. அந்தப் புழுவைக் கொல்லும் பூஞ்சணம் ஒன்று உண்டு, பச்சை மஸ்கார்டைன் என்று வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு வாங்கிக் குவியலில் கலக்கலாம். தோப்பில் அங்கங்கே சட்டியில் ஐந்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ ஆமணக்குப் பிண்ணாக்கு ஊறவைத்தால் வண்டு வந்து விழும்.

மக்கியதை ஆவணியில் சலித்து, மழைக்கு முன் தென்னைக்கு ஆறடி வட்டத்தில் மரத்துக்கு 50 கிலோ வீதம் போடு. மேலே மூடாக்காக மக்காத சருகே நாலு அங்குலம் பரப்பலாம், ஆனால் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. ஒட்டிப் போட்டால் கறையான் ஏறும்.

வாழைச் சருகை இதில் சேர்க்காதே. நல்ல வாழையின் சருகுக்குத் தொன்னைக்காரர்கள் தேடி வருவார்கள், வாடல் கண்ட வாழையின் சருகோ நோயைக் கொல்லை முழுக்கக் கொண்டுபோய்விடும்.

தேக்கு இலை எவ்வளவு தேறும் என்று ஒரு வரி எழுது. மெஷின் வாடகைக்குச் சொல்லிவைக்க வேண்டும். பங்குனிக் கடைசியில் வரும்போது தார்ப்பாயும் நெல் சாக்கு இருபதும் நான் கொண்டுவருகிறேன். சாணம் மட்டும் அங்கே பக்கத்து வீட்டில் சொல்லிவை.

அன்புடன்,
தங்கராசு