இஸ்திரிப் பெட்டிக்கு ஒரு கும்பிடு

அன்புள்ள பங்கு மக்களுக்கும், தாமிரபரணிக் கரையில் என்னைத் தாங்கிக்கொண்ட எல்லோருக்கும்,

நலமாக இருக்கிறேன். 2023 டிசம்பர் 17 இரவு வந்த வெள்ளத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. அந்த மழையில் நனைந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என் கார் எந்த வாழைத்தோட்டத்தில் கிடந்தது என்பது உங்களில் சிலருக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கிறது.

நான் சொல்ல வந்தது என் நோட்டைப் பற்றி.

குருத்துவ வெள்ளிவிழா முடிந்ததும் ஆயர் தந்த ஓய்வாண்டில், செப்டம்பரில் கிளம்பினேன். கல்லூரி, கோவில், அருங்காட்சியகம் என்று பார்த்ததையெல்லாம் அந்த ஒரே நோட்டில் எழுதி வந்தேன். காய வைத்த செடிகளைச் சேர்த்து வைத்திருக்கும் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகம், வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சி, தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1718இல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயம், புன்னைக்காயல், மணல்மேட்டின் மேல் நிற்கும் மணப்பாடு திருச்சிலுவைக் கோவில். அங்கிருந்து பாளையங்கோட்டைக்குப் போகும் வழியில்தான் தண்ணீர் வந்தது.

பள்ளிக்கூட முகாமில் மூன்றாம் நாள் அந்த நோட்டு, பாலில் ஊறிய ரொட்டிபோலப் பருத்துக் கிடந்தது. கார் போனதற்கு வராத கண்ணீர் அதற்கு வந்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வீட்டையே இழந்தவர்கள் நடுவில் உட்கார்ந்து ஒரு நோட்டுக்காக அழுதிருக்கிறேன்.

பக்கத்துப் பாயில் இருந்தவர் தெருவில் இஸ்திரி போடுகிறவர். தள்ளுவண்டி வெள்ளத்தோடு போய்விட்டது. பித்தளைப் பெட்டியை மட்டும் தலையில் சுமந்துகொண்டு வந்திருந்தார். "சாமி, அதைக் கொஞ்சம் தாருங்கள்" என்றார். ஊரில் மின்சாரம் கிடையாது. முகாம் சமையல் அடுப்பிலிருந்து தணலை அள்ளிப் பெட்டியில் போட்டார். வாசலில் பெஞ்சை இழுத்துப் போட்டு, பழைய செய்தித்தாளை மேலே விரித்து, ஒவ்வொரு தாளாகத் தேய்க்கத் தொடங்கினார். சூடு கூடினால் தாள் பழுத்துவிடும் என்று புறங்கையில் தண்ணீர் தொட்டுப் பெட்டியின் மேல் தெளித்துப் பார்த்துக்கொண்டார்.

உலர்தாவரகத்தைப் பற்றிய பக்கம் வந்தபோது படித்துவிட்டு நிமிர்ந்தார். "செடியையும் இப்படிக் காகிதத்துக்கு நடுவில் வைத்துத்தான் காய வைப்பார்களா?" ஆமாம், ஈரம் ஏறிய காகிதத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடித்துவிடும் என்றேன். அதன்பிறகு ஒவ்வொரு தாளுக்கும் செய்தித்தாளை மாற்றினார். இரவில் நோட்டின் மேல் பெட்டியையே பாரமாக வைத்துவிட்டுப் படுத்தார். இரண்டு நாள் வேலை.

பால்பாயிண்டில் எழுதியதெல்லாம் தப்பிவிட்டது. மைப்பேனாவில் எழுதிய தரங்கம்பாடி மட்டும் நீலக் குளம். மைப்பேனாதான் எழுத்துக்கு அழகு என்று குருமட மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக உபதேசம் செய்தவன் நான்.

அவர் தேய்த்துக்கொண்டிருந்தபோது புன்னைக்காயலில் எழுதிய பக்கம் நினைவுக்கு வந்தது. அங்கே பணியாற்றிய போர்ச்சுகல் நாட்டுக் குரு அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூல் வெறும் 16 பக்கம். அதன் பிரதி ஒன்று இன்று ஹார்வர்டில் இருக்கிறது. அச்சிட்டவர் பெயரை நாம் மறக்கவில்லை. ஆனால் கரையானுக்கும் கடற்காற்றுக்கும் கப்பல் பயணத்துக்கும் தப்ப வைத்து அதை யார் யாரோ உலர்த்தியிருப்பார்கள், துணியில் சுற்றிப் பரணில் வைத்திருப்பார்கள். அவர்களைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை. வரலாறு படித்ததாக இத்தனை காலம் பெருமை பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்!

நோட்டுக்கு அவர் காசு வாங்கவில்லை. "அது துணி இல்லையே" என்றார். கிறிஸ்துமஸ் பூசைக்காக அங்கியைத் தேய்த்ததற்குப் பத்து ரூபாய் கேட்டார். இருபது கொடுத்தேன், மீதியை எண்ணித் திருப்பித் தந்தார்.

படகோடு வந்த கடற்கரைத் தம்பிகள், வகுப்பறைகளைத் திறந்துவிட்ட தலைமை ஆசிரியை, மாற்றுடைக்குக் கைலி தந்த பள்ளிவாசல் நண்பர், நான்கு நாள் கைலியில் திரிந்த பாதிரியைப் பார்த்துச் சிரித்த குழந்தைகள், அங்கியும் பூசைப் பெட்டியும் அனுப்பிய சகோதரக் குருக்கள், தொலைபேசி கிடைக்காமல் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த நீங்கள் - எல்லோருக்கும் சேர்த்து ஒரே நன்றிதான் சொல்ல முடிகிறது. குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஓய்வாண்டில் இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. இனி பஸ்ஸில்தான் பயணம், எழுதுவது பால்பாயிண்டில்தான். 18ஆம் தேதி பார்க்க வேண்டியிருந்த ஆதிச்சநல்லூரில் இருந்து மறுபடி தொடங்குகிறேன். பிறந்ததிலிருந்து பக்கத்து ஊரிலேயே இருந்தும், அங்கே கண்ணாடிக்குக் கீழே இருக்கும் முதுமக்கள் தாழிகளை இஸ்திரிக்காரர் பார்த்ததில்லையாம். பொங்கல் கழிந்து இருவரும் சேர்ந்து போகிறோம். டிக்கெட் என் செலவு, சாப்பாடு அவர் வீட்டில் என்று பேச்சு.

புதுத் தள்ளுவண்டிக்கும் ஒரு தச்சரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் போகிறவர்கள் அவரிடம் மூச்சு விட்டுவிடாதீர்கள்.