வலது தோளைப் பற்றிச் சண்முகத்துக்கு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதமும் எம்.ஆர்.ஐ. அறிக்கையின் நகலும் நேற்று மாலை கிடைத்தன. சட்டைக்குள் வலது கையை நுழைக்க முடியவில்லை, இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை, ‘ஜவ்வு கிழிந்துவிட்டது, உடனே தைக்க வேண்டும்’ என்று மருத்துவர் சொல்லிவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். நாற்பது ஆண்டுகள் எலும்பு மருத்துவம் பார்த்தவன் என்று என்னிடம் கேட்கிறாய்; ஓய்வு பெற்ற பிறகுதான் சிலவற்றை நிதானமாகப் படிக்க வாய்த்தது என்பதால், நானும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தோள் மூட்டின் கிண்ணம் ஆழமில்லாதது. அதில் பந்து நழுவாமல் இருக்க நான்கு தசைகளின் நாண்கள் அதைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன; ரொட்டேட்டர் கஃப் என்பது அதுதான். உன் மருத்துவர் ‘ஜவ்வு’ என்றது இதைத்தான்; உனக்குக் கிழிந்திருப்பது மேல்புறத்து நாண். வயது ஏற ஏற அது பழைய துணியைப் போல நைந்துபோகிறது. நம் வயதில் வலியே இல்லாத பலரை ஸ்கேன் செய்தாலும் இத்தகைய கிழிசல் தெரியும். ஆகவே படத்தில் தெரிவதே வலிக்குக் காரணம் என்று முடிவு கட்டிவிடாதே.

இந்த நாணைத் தைத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர் பாஸ்டன் நகரத்து எர்னஸ்ட் காட்மன். 1909-இல் தைத்தார். ஆனால் எனக்கு அவர்மீது மதிப்பு வந்தது வேறொரு காரணத்தால். அறுவை செய்துகொண்ட ஒவ்வொருவரும் பிறகு எப்படி இருக்கிறார் என்று தேடிப் பார்த்துக் கணக்கு வைக்க வேண்டும் என்று வற்புறுத்தி, தம் தவறுகளையும் சேர்த்தே அச்சிட்டவர் அவர். சக மருத்துவர்களுக்கு அது பிடிக்கவில்லை, பிடிக்குமா, சொல்! தோள் மருத்துவத்தை அண்மையில் அதிகம் மாற்றியது புதிய கருவிகளைவிட இந்தக் கணக்குதான் என்பது என் எண்ணம்.

என் கதையையே கேள். தோள்பட்டை எலும்பின் முனை நாணை உரசுகிறது என்று 1972-இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் சார்லஸ் நீர் எழுதியதை நம்பி, அந்த எலும்பைச் செதுக்கும் அறுவையை உலகமே செய்தது. நானும் எத்தனையோ பேருக்குச் செய்தேன், அவர்களும் நலமடைந்து நன்றி சொன்னார்கள். பின்னர் பிரிட்டனில் 32 மருத்துவமனைகளில் 313 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு எலும்பைச் செதுக்கினார்கள், ஒரு குழுவுக்குக் கருவியை உள்ளே விட்டுப் பார்த்ததோடு நிறுத்தினார்கள், மூன்றாம் குழுவுக்கு எதுவுமே செய்யவில்லை. செதுக்கிக்கொண்ட குழுவுக்கும் வெறுமனே உள்ளே பார்க்கப்பட்ட குழுவுக்கும் வேறுபாடே இல்லை. எதுவும் செய்துகொள்ளாத குழுவோடு ஒப்பிட்டபோதும் பொருட்படுத்தும்படியான பலன் இல்லை. அதைப் படித்த அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அந்த ஆய்வில் இருந்தவர்கள் முழுக் கிழிசல் இல்லாதவர்கள், உன் நிலை வேறு என்பது உண்மைதான். ஆனால் அடிபடாமல் தானாகவே முழுதும் கிழிந்த 452 பேருக்கு அமெரிக்காவில் முதலில் பிசியோதெரபி மட்டும் கொடுத்துப் பார்த்தபோது, இரண்டு ஆண்டுகளில் அறுவைக்குப் போனவர்கள் நால்வரில் ஒருவருக்கும் குறைவு. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. நார்வேயில் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், தைத்துக்கொண்டவர்களின் தோளே மேலாக இருந்தது. தைக்காத சிலருக்குக் கிழிசல் பெரிதாகியிருந்தது. எனவே தையல் வீண் என்று நான் சொல்லவில்லை. இப்போது சிறு துளைகள் வழியாக, எலும்பில் நங்கூரம் போன்ற சிறு ஆணிகளைப் பதித்து அழகாகத் தைக்கிறார்கள். ஆனால் நைந்த நாணில் போட்ட தையல் மீண்டும் விட்டுப்போவதும் உண்டு.

தைக்கவே முடியாத பெருங்கிழிசலுக்குத்தான் உண்மையான புதுமை வந்தது. பிரான்சின் டிஜோன் நகரில் பால் கிராமோன் 1985-இல் மூட்டையே தலைகீழாக்கினார்: கிண்ணம் இருந்த இடத்தில் பந்து, பந்து இருந்த இடத்தில் கிண்ணம். நாண்கள் போனாலும் வெளித்தசையான டெல்டாய்டே கையை உயர்த்திவிடும். அதே நோயாளிகளுக்கென்று பெருமையோடு வந்த, தோளுக்குள் வைக்கும் உப்புநீர் நிரப்பிய பலூன், 2022-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் பலூன் வைக்காத அறுவையைவிடப் பின்தங்கியது. யாராவது பலூன் என்று சொன்னால் எழுந்து வந்துவிடு.

நீ எழுதாமல் விட்ட ஒன்றுதான் எனக்கு முக்கியம். சமீபத்தில் கீழே விழுந்தாயா? கையை ஊன்றினாயா? விழுந்த அன்றிலிருந்து கையைத் தூக்கவே முடியவில்லை என்றால் அது வேறு கதை. அப்போது காத்திருப்பது தவறு, தசை கொழுப்பாக மாறுவதற்குள் தைத்துவிட வேண்டும். விழவில்லை, வலிதான் மெல்ல வளர்ந்தது என்றால், அந்த மருத்துவரிடமே கேட்டு மூன்று மாதம் பயிற்சி செய். சர்க்கரை அளவையும் எழுதி அனுப்பு. அது கூடினால் தைத்த நாண் ஒட்டுவது கடினம்.

பதிலைத் தபாலில் போடாமல் தொலைபேசியில் சொல்லிவிடு.

அன்புடன்,
பழனிவேல்