பட்டர் ஃப்ரூட் கன்று வாங்கும் முன் குழியில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் வீட்டுத்தோட்டப் பக்கத்தில் பட்டர் ஃப்ரூட், அதாவது அவகேடோ, வளர்ப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கொட்டையில் குச்சி குத்தி டம்ளர் தண்ணீரில் நிறுத்தி, முளை வந்ததும் மொட்டை மாடித் தொட்டியில் வைத்தால் சீக்கிரமே பழம் பறிக்கலாம் என்று அதில் சொல்லியிருந்தார்கள். முளைக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதை நம்பி எங்கள் ராயக்கோட்டைப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் கன்று வைத்து, ஒரு மழைக்காலமோ ஒரு கோடையோ தாண்டாமல் காய்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கொட்டை விஷயம். கொட்டையிலிருந்து வரும் மரம் தாய் மரத்தைப் போலவே காய்க்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது, அது காய்ப்புக்கு வரவே 5 முதல் 10 வருடம் வரை ஆகலாம். இன்று உலகம் முழுக்க விற்கும் ஹாஸ் ரகம், கலிபோர்னியாவில் தபால்காரராக இருந்த ருடால்ப் ஹாஸ் போட்ட கொட்டையில் தற்செயலாகக் கிடைத்ததுதான், சரி. 1935-இல் அவர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் அதன் பிறகு உலகத்தில் உண்டான ஹாஸ் மரம் அத்தனையும் அந்த ஒரு மரத்திலிருந்து ஒட்டுக் கட்டி வந்தவை. ஒட்டுக்கன்று என்றால் மூன்று நான்கு வருடத்தில் பூக்கும். எனவே வாங்கும்போது அடித்தண்டைக் குனிந்து பாருங்கள். மண்ணுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தண்டு சற்றே கோணி, மேலும் கீழும் பட்டையின் நிறம் மாறி, ஒட்டுக் கட்டிய தழும்பு இருக்க வேண்டும். அது இல்லாத கன்றையும் ஒட்டுக்கன்று விலைக்கு விற்கிறார்கள். கேட்டால் "எல்லாம் ஒட்டுதான் மா" என்று ஒரே பதில். இப்படி ஏமாந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

அந்த முதல் ஹாஸ் மரம் 2002-இல் செத்தது, வேரழுகல் நோயால். நம் மாவட்டத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். பட்டர் ஃப்ரூட் மரத்துக்குச் சாப்பாடு எடுக்கும் வேர்கள் எல்லாம் மேல்மண்ணிலேயே, ஓர் அடி ஆழத்துக்குள் பரவியிருக்கின்றன. தண்ணீர் தேங்கினால் பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிர் அந்த வேர்களை அழுக வைத்துவிடும். கிருஷ்ணகிரியில் செம்மண் என்று சொல்கிறோமே தவிர, கடப்பாரை போட்டால் ரெண்டு அடியில் சரளையோ பாறையோ தட்டும். அதில் மா நடுகிற மாதிரி மூன்றடிக் குழி வெட்டி எருவும் மண்ணும் போட்டு நட்டால், அந்தக் குழி மழையில் ஒரு தொட்டி. தண்ணீர் போக வழியே இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா வைத்த கன்று இப்படித்தான் போனது. மழை பெய்து மண் சொதசொதவென்று இருக்கும்போதே இலை தொங்கியது, வாடுகிறது என்று அக்கா இன்னும் ஒரு குடம் ஊற்றினார். பிடுங்கிப் பார்த்தபோது வெளிர் நிறத்தில் இருக்க வேண்டிய மெல்லிய வேர்கள் எல்லாம் கறுத்து, விரலால் தொட்டாலே பொடிந்தன. மண் ஈரமாக இருக்கும்போது இலை தொங்கினால் அது தாகம் இல்லை, வேர் போய்விட்டது என்று அர்த்தம். தயவுசெய்து அப்போது தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கன்று வாங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்றுதான். நடப்போகும் இடத்தில் ஒன்றரை அடிக் குழி எடுத்து, நிறையத் தண்ணீர் விட்டு, மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். தண்ணீர் நின்றால் அங்கே குழியில் நடக் கூடாது. தரைக்கு மேலே ஒன்றரை, ரெண்டு அடி உயரத்துக்கு அகலமாக மேடு கட்டி, அதன் மேல் நட வேண்டும். ஒட்டுப் பகுதியை மண்ணில் புதைத்துவிடாமல், அதற்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளிக்கொண்டே வர வேண்டும். அப்புறம் மாமரத்துக்குக் கொத்திவிடுகிற பழக்கத்தை இதில் காட்டக் கூடாது, கொத்தினால் வேர்தான் அறுபடும். அதற்குப் பதில் ராகித் தாள், கடலைத் தொலி, காய்ந்த சருகு எது கிடைக்கிறதோ அதைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி நல்ல கனத்துக்குப் போட்டு மூடுங்கள். மரத்தின் சொந்த இலையே நல்ல மூடாக்கு. வாசல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று தினமும் பெருக்கித் தீ வைக்கிறோமே, இந்த ஒரு மரத்தடியையாவது விட்டுவைக்கலாம்.

அடுத்தது தண்ணீரின் உப்பு. தர்மபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை, புளோரைடுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்த ஊர்கள் இவை. பழ மரங்களிலேயே உப்பைத் தாங்காத மரம் பட்டர் ஃப்ரூட். முற்றிய இலைகளின் நுனி பழுப்பாகக் கருகி, அது ஓரம் வழியாக உள்ளே ஏறினால் பூச்சி என்று மருந்து அடிக்காதீர்கள், உப்பாகத்தான் இருக்கும். நிறைய வீடுகளில் ஆர்.ஓ. மிஷின் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்க மனசு வராமல் செடிக்கு ஊற்றுகிறார்கள். நல்ல மனசுதான், ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அந்தத் தண்ணீரில். இந்த மரத்துக்கு வேண்டவே வேண்டாம். உரக்கடையில் பொட்டாஷ் என்று கேட்டால் பெரும்பாலும் கொடுப்பது குளோரைடு கலந்தது, அதுவும் இதற்கு ஆகாது, சல்பேட் ஆஃப் பொட்டாஷ் என்று கேட்டு வாங்குங்கள். மாடியில் விழும் மழைத் தண்ணீரை இந்த மேட்டுப் பக்கம் திருப்பிவிட்டால் தேங்கிய உப்பு கழுவிப் போகும்.

வெயிலைப் பொறுத்தவரை தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் கவலை குறைவு. காரிமங்கலம், அரூர், காவேரிப்பட்டணம் பக்கம் சித்திரை வெயிலில் இளம் தண்டின் பட்டையே வெந்துவிடும், சுண்ணாம்பு அடித்து, முதல் ரெண்டு கோடை நிழல்வலையும் கட்ட வேண்டும்.

பூக்கிறது, காய்ப்பதில்லை என்று சலித்துக்கொள்பவர்களுக்கு: இதன் ஒவ்வொரு பூவும் முதலில் பெண் பூவாக விரிந்து மூடி, மறுநாள் ஆண் பூவாக விரியும். ஏ வகை மரம் காலையில் பெண், பி வகை மரம் பிற்பகலில் பெண். ஒற்றை மரமும் கொஞ்சம் காய்க்கலாம், ஆனால் அண்டை வீட்டில் இன்னொரு வகை இருந்தால் ரெண்டு வீட்டுக்குமே லாபம். பூக்கும் சமயம் மருந்தடித்துத் தேனீயை விரட்டாதீர்கள். காய் மரத்திலேயே பழுக்காது என்பதும் பலருக்குத் தெரியவில்லை. ஒன்றைப் பறித்து அரிசிப் பானையில் வையுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் மெத்தென்று ஆனால் மற்றதைப் பறிக்கலாம், சுருங்கி ரப்பர் மாதிரி ஆனால் இன்னும் முற்றவில்லை.

ஆடு வளர்ப்பவர்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது, கவாத்து செய்த பட்டர் ஃப்ரூட் தழையை ஆட்டுக்கோ மாட்டுக்கோ போடாதீர்கள். இலையில் பெர்சின் என்ற நச்சு இருக்கிறது. மடி வீங்கிப் பால் நிற்கும், அதிகம் தின்றால் இதயம் பாதித்துச் செத்தும் போகும். கூண்டில் வளர்க்கும் கிளிக்குப் பழமும் கொடுக்கக் கூடாது. உங்கள் கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்கு மிகவும் வருத்தம், ஆடு இல்லாத தெரு நம் பக்கத்தில் ஏது?

வேளாண் பல்கலைக்கழகத்தின் தடியன்குடிசை நிலையம் தந்த டி.கே.டி. 1, பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா சுப்ரீம் என்று நம் நாட்டு ரகங்களே இருக்கின்றன. பையூர் ஆராய்ச்சி நிலையம், பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் இரண்டும் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அங்கிருப்பவர்களிடம் கேட்டு, எந்த ஊருக்கு எந்த ரகம் என்று ஒரு கட்டுரை போடுங்கள். நர்சரிக்காரர்கள் ஒவ்வொரு கன்றிலும் ஒட்டா, கொட்டையா, என்ன ரகம், ஏ-யா பி-யா என்று சீட்டுக் கட்ட வேண்டும் என்று தோட்டக்கலைத் துறை சொல்ல வேண்டும். ஆடி மழைக்குக் கன்று வண்டிகள் தெருவுக்கு வருவதற்கு முன் இந்தக் கடிதத்தை வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்.