சித்திரக்கதைப் பெண்களுக்குக் குறைவது ஆடை மட்டுமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

சித்திரக்கதைப் புத்தகங்களில் பெண்கள் ஆபாசமாக வரையப்பட்டிருப்பதால் அவற்றை நூலகங்களின் சிறுவர் பகுதியிலிருந்து அகற்ற வேண்டும் என்று தங்கள் வாரவெளியீட்டில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். திருகோணமலையில் நெடுங்காலம் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவளும், சிறுவயது முதல் சித்திரக்கதைகளை விரும்பிப் படித்து வருபவளுமாகிய நான் அவருடைய கவலையை மதிக்கிறேன். ஆயினும், அவர் படங்களைப் பார்த்த அளவுக்குக் கதைகளைப் படிக்கவில்லையோ என்று எண்ணத் தோன்றுகிறது.

உடை பற்றிய குறை நியாயமானதே. அமெரிக்கச் சாகசக் கதைகளில் ஆண் வீரன் கழுத்து முதல் கால் வரை போர்த்திக்கொண்டு நிற்க, அதே பகைவனை எதிர்க்க வந்த பெண் நீச்சலுடையோடு நிற்பாள். மார்பும் பின்புறமும் ஒரே கட்டத்தில் தெரிய வேண்டும் என்பதற்காக, முதுகெலும்புள்ள எவரும் நிற்க முடியாத கோணத்தில் அவளை முறுக்கி வைத்திருப்பார்கள். இதற்குத் தமிழ்ப் பதிப்புகள் சிலவற்றில் கண்ட பரிகாரம், வெறுந்தோளின் மேல் கறுப்பு மையால் ஒரு சட்டையை வரைந்துவிடுவது. சட்டை போட்டாயிற்று, ஆனால் கதைக்குள் அவளுக்கு நேர்வது அப்படியேதான் இருக்கிறது.

1988இல் வெளிவந்த பேட்மேன் கதையொன்றில், பொலிஸ் ஆணையாளரின் மகளான பார்பரா கோர்டன் வீட்டுக் கதவைத் திறந்ததும் பேட்மேனின் பகைவனான ஜோக்கர் அவளைச் சுடுகிறான். அவள் முன்பு பேட்கேர்ள் என்ற முகமூடி வீராங்கனையாக வலம் வந்தவள். ஆனால் அந்தக் கதையில் அவளுக்குக் கிடைத்த வேலை, சுடப்பட்டு முடமாகித் தந்தையின் மனத்தைக் கலங்கடிப்பது மட்டுமே. 1994இல் கிரீன் லாண்டர்ன் என்ற இன்னொரு சாகச வீரனின் கதையில் நாயகனின் காதலியைக் கொன்று குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தார்கள். நாயகனுக்குக் கோபம் வர வேண்டும் என்பதைத் தவிர அந்தச் சாவுக்கு வேறு தேவை இல்லை. அப்போது சிகையலங்காரத் தொழில் செய்துகொண்டிருந்த கெய்ல் சிமோன் என்ற வாசகி, இவ்வாறு கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட, ஆற்றல் பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களை 1999இல் ஒரு பட்டியலாகத் தொகுத்தார். பின்னாளில் அவரே எழுத்தாளராகி, அதே பார்பரா கோர்டனின் கதைகளையும் எழுதினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இரத்தமே சிந்தாத கதைகளும் இதற்கு விலக்கல்ல. பெல்ஜிய ஓவியர் பேயோ படைத்த நீலநிறக் குள்ளர்களான ஸ்மர்ஃப்களை நம் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். ஆண்களே வாழும் அந்தக் கிராமத்துக்கு 1966இல் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். அவளைக் களிமண்ணால் செய்து அனுப்பியவன் வில்லனான மந்திரவாதி. அனுப்பிய நோக்கம், கிராமத்தில் கலகம் மூட்டுவது. கருங்கூந்தலோடு வந்தவளை ஒருவருக்கும் பிடிக்கவில்லை. கிராமத்தின் பெரியவர் அவளை மாற்றியமைத்துப் பொன்னிறக் கூந்தல் கொடுத்த பிறகு எல்லோரும் அவள் பின்னால் அலைந்தார்கள். இந்தக் கதையில் எந்த வாசகரும் மறைக்கச் சொல்லும்படியாக ஒரு படம்கூட இல்லை. கரிய கூந்தலுள்ள நம் வகுப்புச் சிறுமிகளும் இதை ஆவலோடு படிப்பார்கள்.

எல்லாக் கதைகளும் இப்படிப்பட்டவை அல்ல. 1984இல் லயன் காமிக்ஸ் என்ற தமிழ்ச் சித்திரக்கதை வெளியீடு தன் முதல் இதழின் நாயகியாக்கியது, மாடஸ்டி பிளைசி என்ற பிரித்தானியச் சித்திரக்கதை வீராங்கனையை. திட்டம் தீட்டுபவள் அவள். அவளை ‘இளவரசி’ என்றழைத்து அவள் சொற்படி நடப்பவன் வில்லி கார்வின், காதலன் அல்லன், தோழன். (அவளுக்கும்கூடச் சட்டையைக் கழற்றி எதிரிகளைத் திகைக்க வைக்கும் உத்தியைக் கொடுத்தவர்கள் ஆண்களே என்பதையும் சொல்லியாக வேண்டும்.) மர்ஜான் சத்ரபி தன் ஈரானிய இளமைக்காலத்தைத் தானே வரைந்து 2000ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட ‘பெர்செபொலிஸ்’ தமிழிலும் வந்திருக்கிறது. எதை அகற்றுவது என்று யோசிக்கும் நூலகக் குழுவினர், இதைப் போன்றவற்றை வாங்குவது பற்றியும் யோசிக்கலாம். போருக்கும் புரட்சிக்கும் நடுவே வளர்ந்த ஒரு சிறுமியின் கதையை இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வெளிநாட்டாரை மட்டும் குறை சொல்லி நிறுத்துவதும் முறையன்று. நம் பத்திரிகைகளின் சிறுவர் பக்கமொன்றில் அண்மையில் கண்ட படத்தொடரில், தந்தையும் மகனும் கடலுக்குப் போகிறார்கள். முதற் கட்டத்தில் தாய் வாசலில் நின்று வழியனுப்புகிறாள், கடைசிக் கட்டத்தில் மீன் பொரிக்கிறாள். இடையில் அவளும் இல்லை, மகளும் இல்லை. திருகோணமலைக் கரையில் கருவாடு காயவைத்து விற்பவர்களிலும், போருக்குப் பின் தனியாளாகக் குடும்பத்தைத் தாங்குபவர்களிலும் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்பதை அதை வரைந்தவர் அறியாதவராக இருக்க முடியாது. வரைய வேண்டுமென்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுவே. அடுத்த சித்திரத் தொடரைத் தெரிவுசெய்யும்போது அதை ஒரு பெண்ணிடம் ஒப்படையுங்கள். மட்டக்களப்பில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் ஓவியம் பயின்று வெளிவரும் மாணவிகள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். வரைபவருக்கு உரிய ஊதியத்தையும் கொடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
உவர்மலை, திருகோணமலை.